இடுப்பு வலிக்கு "பெல்ட்" போதுமா?

தண்ணீர்க் குடத்தைத் தூக்குகிறோம். இடுப்பு பிடித்துக்கொள்கிறது! உடனே "பெல்ட்" வாங்கிக் கட்டுகிறோம். வலி தீர்ந்துவிடுமா?

பெல்ட் இடுப்பை இறுக்கிப் பிடிக்கும். அதிகம் குனிய விடாது. அதனால் சிலருக்கு வலி குறைந்ததுபோல் இருக்கும். ஆனால், அது நோயைக் குணப்படுத்தாது. சாதாரண இடுப்பு வலிக்குப் பெல்ட் கொடுக்கவேண்டாம் என்று இங்கிலாந்தின் மருத்துவ ஆலோசனை அமைப்பு 2016-ல் கூறியது. படுத்தே கிடக்காமல் நடமாடுவதும், தேகப்பயிற்சியும்தான் நல்லது.

முதுகெலும்பு முறிவு, ஆபரேஷன் என்றால் விஷயம் வேறு. டாக்டர் சொன்னபடி பெல்ட் அணியவேண்டும். நீங்களாகக் கழற்றக்கூடாது.

எச்சரிக்கை!

இடுப்பு வலியோடு கால் பலம் குறைகிறதா? சிறுநீர் இறங்கவில்லையா? பெல்ட்டை நம்பி வீட்டில் இருக்காதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தாமதித்தால், கால் நிரந்தரமாகச் செயலிழந்துவிடலாம்!