கண்ணருகே ஒரு திரை

வி.ஆர். ஹெட்செட் வேண்டும் என்று பிள்ளை அடம்பிடித்தால், பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி: "மூளைக்கு ரேடியேஷன் ஏறாதா?"

அடிப்படையில்லாத பயம் என்று சொல்ல முடியாது. 1967இல் அமெரிக்காவில் சில கலர் டி.வி.க்கள் எக்ஸ் கதிரைக் கசியவிட்டது பெரிய விவகாரமானது. மறு ஆண்டு கணினி விஞ்ஞானி ஐவன் சதர்லண்ட் காட்டிய தலைத்திரையிலும் சின்னச் சின்ன பிக்சர் டியூப்கள்தான். இன்றைய எல்.சி.டி., ஓ.எல்.இ.டி. திரைகளில் டியூபும் இல்லை, எக்ஸ் கதிரைக் கிளப்பிய உயர் மின்னழுத்தமும் இல்லை.

மிஞ்சுவது வைஃபை, புளூடூத். அந்த ரேடியோ அலையின் ஒரு ஃபோட்டானுக்கு எலெக்ட்ரான் வோல்ட்டில் சுமார் லட்சத்தில் ஒரு பங்குதான் ஆற்றல். மூலக்கூறிலிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்கச் சுமார் பத்து எலெக்ட்ரான் வோல்ட் வேண்டும். காமா கதிருக்கு அந்த வலு உண்டு. கொதிகலன் வெல்டிங்கைக் காமா கதிரால் சோதிப்பவர்கள், உடலில் படும் கதிரை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் குத்திக்கொள்வது காரணத்தோடுதான். கொதிகலன் ஆலை இருக்கும் திருவெறும்பூர் பக்கம் கேட்டால் சொல்வார்கள். ரேடியோ அலை செய்வது லேசான சூடு. செல்போனுக்கு 2012 முதல் இந்திய வரம்பு உடல் திசுவின் ஒரு கிலோவுக்கு 1.6 வாட். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகமை 2011இல் ரேடியோ அலையைச் சந்தேகப் பட்டியலில் வைத்தது உண்மை. ஆனால் அதே நிறுவனம் கேட்டு 2024இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பில், செல்போனுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தென்படவில்லை.

என்னைக் கேட்டால், கவலைப்பட வேண்டியது கண்ணைப் பற்றி. ஸ்ரீரங்கத்தில் கையிலுள்ள மல்லிகைச் சரத்தைப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து 236 அடி ராஜகோபுரத்தின் கலசத்தைப் பாருங்கள். சரத்துக்கு விழிகள் மூக்குப் பக்கம் திரும்பும், கண்ணின் லென்ஸ் தடிக்கும். கலசத்துக்கு விழிகள் விலகும், லென்ஸ் தட்டையாகும். இரண்டும் ஜோடி. ஹெட்செட்டிலோ பூ கிட்டே வந்தாலும் கோபுரம் தள்ளிப் போனாலும் குவியம் ஒரே தூரத்தில் நிற்கும். விழிகள் மட்டும் திரும்பித் திரும்பி அலையும். அதனால்தான் கண் வலி, தலைபாரம்.

 

அடுத்தது குமட்டல். கண் பறக்கிறேன் என்கிறது, உட்செவி உட்கார்ந்திருக்கிறேன் என்கிறது. கொல்லிமலை பஸ்ஸில் குனிந்து செல்போன் பார்ப்பவருக்கு இதே தொல்லை தலைகீழாக. தலைசுற்றல் அடங்கும்வரை பைக் சாவியைத் தொடாதீர்கள். வலிப்பு வந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஹெட்செட்டை மாட்டவே கூடாது; மினுங்கும் ஒளி சிலருக்கு வலிப்பைத் தூண்டும்.