பந்தை முன்னாடி எறியலாமா? கோச் ஹைஸ்மேனின் கதை

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால்ல வருஷா வருஷம் சிறந்த ஆட்டக்காரர் ஒருத்தருக்கு ஹைஸ்மேன் டிராஃபி கொடுப்பாங்க. யார் அந்த ஹைஸ்மேன்? இன்னைக்கு அவரைப் பத்திதான் பேசப் போறேன்.

முதல்ல ஒண்ணு. இது நாம காலால உதைச்சு ஆடுற ஃபுட்பால் இல்ல. முட்டை மாதிரி இருக்கற பந்தைக் கையில பிடிச்சுக்கிட்டு, எதிரணியோட எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோகணும்.

ஜான் ஹைஸ்மேன் 1869-ல் கிளீவ்லாண்டில் பிறந்தவர். 1892-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சட்டம் படிச்சு முடிச்சார். ஆனா வக்கீல் தொழிலுக்குப் போகல. அதே வருஷம் ஓபர்லின் கல்லூரிக்குக் கோச்சாகப் போயிட்டார். ஆட்டம் இல்லாத மாசங்கள்ல நாடகத்துல நடிப்பார், ஷேக்ஸ்பியர் உட்பட!

அந்தக் காலத்து விதி என்ன தெரியுமா? மூணு முயற்சியில அஞ்சு யார்டு முன்னேறினா போதும். பந்தை முன்னாடி எறியக் கூடாது. அப்ப எல்லாரும் என்ன பண்ணுவாங்க? கும்பலா சேர்ந்து முட்டித் தள்ளுவாங்க. பெரும்பாலானவங்க தலையில ஹெல்மெட் கூட கிடையாது. கழுத்து முறியும், மண்டை உடையும்.

1895-ல் அட்லாண்டாவில் நார்த் கரோலினாவும் ஜார்ஜியாவும் மோதின ஆட்டத்தை ஹைஸ்மேன் பார்த்துக்கிட்டு இருந்தார். அவர் பின்னாடி எழுதினபடி, பந்தை உதைக்க வேண்டிய ஒரு பையன், எதிராளிங்க சூழ்ந்ததும் பதறிப்போய் முன்னாடி எறிஞ்சுட்டான். கூட்டாளி பிடிச்சு ஓடி ஸ்கோர் பண்ணிட்டான். எறிஞ்சதை நான் பார்க்கலைன்னு நடுவர் சொல்லிட்டார்!

எல்லாரும் அதைத் திருட்டாட்டமாப் பார்த்தாங்க. ஹைஸ்மேனுக்கு மட்டும் வேற ஒண்ணு தோணுச்சு: எறியலாம்னு விட்டா எதிரணி மைதானம் பூரா பரவி நிக்கணும். கும்பல் தானா கலையும். விதிகளை வகுத்த குழுவில் பெரிய ஆளான வால்டர் கேம்ப்புக்கு இதைப் பத்தி எழுதினார். வருஷக்கணக்கா ஒண்ணும் நடக்கல.

1905-ல் மட்டும் 18 பேராவது இந்த ஆட்டத்தால செத்தாங்க. அதிபர் ரூஸ்வெல்ட், ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்கே கூப்பிட்டுப் பேசினார். ஆட்டத்தையே தடை பண்ணணும்னு குரல் எழுந்துச்சு. 1906-ல் விதி மாறுச்சு: அஞ்சு யார்டு பத்து யார்டாச்சு, பந்தை முன்னாடி எறிய அனுமதியும் வந்துச்சு. சாவு உடனே நின்னுடல. 1909-ல் மறுபடி பல பேர் செத்தாங்க. அடுத்த வருஷம் விதிகளை இன்னும் இறுக்கினாங்க. ஆனா ஆட்டம் போக வேண்டிய திசை தெளிவாயிடுச்சு.

உடனே அவரை மகான்னு நினைச்சுடாதீங்க. 1916-ல் கம்பர்லேண்ட் கல்லூரி ஃபுட்பால் அணியையே கலைச்சிருச்சு. ஒத்துக்கிட்ட ஆட்டத்துக்கு வந்தே ஆகணும், இல்லைன்னா 3,000 டாலர் கட்டணும்னு ஜார்ஜியா டெக் தரப்பு பிடிவாதமா நின்னுச்சு. அங்க கோச் நம்ம ஹைஸ்மேன்தான். பாவம், கிடைச்ச பசங்களைத் திரட்டிக்கிட்டு வந்தாங்க. ஸ்கோர் 222–0! அதே வருஷம் பேஸ்பால்ல கம்பர்லேண்ட் இவரோட அணியை 22–0-ன்னு அடிச்சிருந்துச்சு. அதுக்குப் பழி வாங்கினார்னு சொல்வாங்க. பசங்க உயிரைக் காப்பாத்துற விதிக்காகப் போராடினவரும், அந்தப் பசங்களை இப்படி நசுக்கினவரும் ஒரே ஆள்தான்.

கடைசியா நியூயார்க்கில் டவுன்டவுன் அத்லெட்டிக் கிளப்பில் வேலை பார்த்தார். 1935-ல் அந்த கிளப் ஒரு விருதைத் தொடங்குச்சு. ஃபுட்பால் அணியா ஆடுற ஆட்டமாச்சே, தனி ஆளுக்கு எதுக்கு விருதுன்னு முதல்ல அவருக்கே தயக்கமாம். 1936 அக்டோபரில் அவர் இறந்ததும் அதே விருதுக்கு அவர் பேரையே வச்சுட்டாங்க.

என்னைக் கேட்டா, அவரோட உண்மையான நினைவுச்சின்னம் அந்த வெண்கலச் சிலை இல்ல. அடுத்த தடவை ஒரு அமெரிக்கன் ஃபுட்பால் கிளிப்ல பந்து காத்துல நீளமாப் பறக்கறதைப் பார்த்தீங்கன்னா, அதுதான்.