கொள்கை வேட்பாளரா, ஜெயிக்கிற வேட்பாளரா? அருப்புக்கோட்டை - திருச்சுழி சொல்லும் தேர்தல் கணக்கு!

தேர்தல் வந்தால் அருப்புக்கோட்டை பக்கம் டீக்கடையில் முதலில் விழுகிற கேள்வி "எந்தக் கட்சி?" இல்லை. "ஆளு யாரு?" என்பதுதான். அடுத்த கேள்வி, "ஜெயிப்பாரா?" அந்த ஆள் என்ன கொள்கை வைத்திருக்கிறார் என்ற கேள்வி வருவதற்குள் டீ ஆறிப்போயிருக்கும்.

ஆனால், அந்த மூன்றாவது கேள்விதான் இன்று உலகம் முழுக்க இடதுசாரி, முற்போக்குக் கட்சிகளைப் போட்டு உலுக்கிக்கொண்டிருக்கிறது. கூலி, நிலம், சாதி என்று எல்லாவற்றையும் உடைத்துப் பேசுகிற தைரியமான ஆளை நிறுத்துவதா? இல்லை, எல்லாத் தரப்பையும் அனுசரித்துப் போகிற, யாருக்கும் கோபம் வராத மிதவாதியை நிறுத்துவதா?

விருதுநகர் மாவட்டத்தின் வானம் பார்த்த பூமியில் இந்தக் கேள்விக்கு ஒரு நீண்ட வரலாறே இருக்கிறது. பார்த்துடலாம்.

முதலில், எதற்கு இந்த ஊர்?

குண்டாறு ஓடுகிறது, ஆனால், மழை பெய்தால்தான் ஓடும். கண்மாய் நிறைந்தால் விவசாயம், இல்லையென்றால் சீமைக்கருவேலம் வெட்டிக் கரி மூட்டம். அருப்புக்கோட்டையில் நெசவும் நூற்பாலையும் மல்லிகைப் பூவும் உண்டு. திருச்சுழி பக்கம் போனால் மானாவாரி நிலமும் வெளியூர் வேலையும்தான். 2018-ல் மத்திய அரசு 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' பட்டியல் போட்டபோது தமிழகத்திலிருந்து இடம்பெற்றவை இரண்டுதான்: விருதுநகர், ராமநாதபுரம்.

கூலி, தண்ணீர், நிலம், சாதி என்று இடதுசாரி அரசியலுக்கான எல்லாப் பிரச்னையும் இருக்கிற மண். அப்போ இடதுசாரி வேட்பாளர்கள் அள்ளிக் குவித்திருக்க வேண்டும்தானே? அப்படி நடக்கவில்லை. ஏன் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பெயரில் இடது, ஓட்டில் 'ஆள்'

ஒருகாலத்தில் அருப்புக்கோட்டை என்ற பெயரிலேயே மக்களவைத் தொகுதி இருந்தது. 1952, 1962 தேர்தல்களில் அங்கே வென்றவர் ஃபார்வர்டு பிளாக் தலைவர் முத்துராமலிங்கத் தேவர். சுபாஷ் சந்திர போஸ் தொடங்கிய அந்தக் கட்சி, தேசிய அளவில் சோஷலிசம் பேசுகிற இடதுசாரிக் கட்சி. மேற்கு வங்கத்தில் இடது முன்னணியில் அங்கம் வகித்த கட்சியும்கூட. ஆனால், இந்த வட்டாரத்தில் அது அறியப்பட்டது கொள்கை அறிக்கையால் இல்லை. தலைவராலும், அவர் பின்னால் நின்ற சமூகத்தாலும்தான்.

அடுத்து எம்.ஜி.ஆர். 1977-ல் அவர் முதல்முறை முதல்வரானது அருப்புக்கோட்டை எம்.எல்.ஏ-வாகத்தான். 'அண்ணாயிசம்' என்று தன் கொள்கைக்குப் பெயர் வைத்தார். அது இடதா, வலதா, நடுவா என்று யாரும் துல்லியமாகச் சொன்னதில்லை. ஆனால், 1982-ல் அவர் விரிவுபடுத்திக் கொண்டுவந்த சத்துணவுத் திட்டம், எந்த இடதுசாரியும் பெருமைப்படக்கூடியது.

இங்கே முதல் பாடம்: கொள்கையைப் பேசுகிற ஆள் வேறு, கொள்கையைத் திட்டமாக்குகிற ஆள் வேறு. இரண்டும் ஒரே ஆளாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

1967: மாணவர் தலைவர் சாய்த்த மலை

"அப்போ கொள்கை வேட்பாளர் ஜெயிக்கவே முடியாதா?" என்று கேட்டால், பதில் பக்கத்திலேயே இருக்கிறது. 1967-ல் விருதுநகர் சட்டமன்றத் தொகுதியில் காமராஜருக்கு எதிராக தி.மு.க. நிறுத்தியது, 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் உருவான மாணவர் தலைவர் பெ.சீனிவாசனை. காமராஜர் முன்னாள் முதல்வர், அன்றைக்கு அகில இந்திய காங்கிரஸ் தலைவர், சொந்த ஊர்க்காரர். சீனிவாசன் 1,285 வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

தைரியமான இளைஞரை நிறுத்தினால் மலையைக்கூடச் சாய்க்கலாம் என்பதற்கு இதைத்தான் எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். ஆனால், முழுக் கதையையும் பார்க்கணும். காமராஜர் ஒன்றும் வலதுசாரி இல்லை. பள்ளிக்கூடமும் மதிய உணவும் தந்தவர். சீனிவாசன் பின்னால் இருந்த கூட்டணியோ படு அகலமானது. மார்க்சிஸ்ட்களும் இருந்தார்கள், முஸ்லிம் லீக்கும் இருந்தது, பொருளாதாரத்தில் பக்கா வலதுசாரியான ராஜாஜியின் சுதந்திரா கட்சியும் இருந்தது. அரிசித் தட்டுப்பாட்டால் வந்த கோபம் வேறு.

அதாவது, வேட்பாளர் தீவிரம், கூட்டணி மிதம். இந்தக் கலவையை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வரும்.

இரண்டு பக்கத்துத் தொகுதிகள்

2008 தொகுதி மறுவரையறைக்குப் பிறகு வந்தது திருச்சுழி தொகுதி. முதல் தேர்தல் 2011. அந்த ஆண்டு அ.தி.மு.க. அலையில் தி.மு.க. மாநிலம் முழுக்க 23 இடங்களில்தான் பிழைத்தது. அருப்புக்கோட்டையில் அ.தி.மு.க-வின் வைகைச்செல்வன் வென்றார். பக்கத்திலேயே திருச்சுழியில் தி.மு.க-வின் தங்கம் தென்னரசு வென்றார். 2016, 2021-லும் திருச்சுழி அவருக்குத்தான். அருப்புக்கோட்டை 2016, 2021-ல் தி.மு.க-வின் சாத்தூர் ராமச்சந்திரனுக்கு.

ஒருவர் தி.மு.க. முன்னாள் அமைச்சர் தங்கபாண்டியனின் மகன். இன்னொருவர் எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் இருந்துவிட்டு தி.மு.க-வுக்கு வந்தவர். இருவருமே 2021-ல் அமைச்சரானார்கள். சமூகநீதி பேசுகிற கட்சி, இந்த மண்ணில் புதுமுகக் கொள்கைவாதியைத் தேடவில்லை. ஊருக்குத் தெரிந்த பெயரைத்தான் தேடியது.

அதனால் கொள்கை செத்துவிட்டதா என்றால், இல்லை. சமச்சீர் கல்விச் சட்டம் 2010-ல் வந்தபோது பள்ளிக்கல்வி அமைச்சர் தங்கம் தென்னரசுதான். பணக்காரப் பள்ளிக்கும் பஞ்சாயத்துப் பள்ளிக்கும் ஒரே பாடத்திட்டம் என்பது சாதாரண விஷயம் இல்லை. அடுத்த ஆண்டு ஆட்சி மாறி அதை நிறுத்திவைக்கப் பார்த்தபோது, உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் அது நிலைத்தது.

கோவில்பட்டி சொல்லும் இன்னொரு கதை

பக்கத்துக் கரிசல் பூமியான கோவில்பட்டி, ஒருகாலத்தில் கம்யூனிஸ்ட் கோட்டை. இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் சோ.அழகர்சாமி அங்கே பல முறை வென்றார். எளிமையும், பல வருட ஊர்த் தொடர்பும்தான் அவரது மூலதனம்.

2021-ல் அதே தொகுதி தி.மு.க. கூட்டணியில் மார்க்சிஸ்ட் கட்சிக்குப் போனது. அ.தி.மு.க-வின் கடம்பூர் ராஜு வென்றார், டி.டி.வி.தினகரன் இரண்டாவது வந்தார். மார்க்சிஸ்ட் வேட்பாளருக்கு மூன்றாவது இடம். பெரிய கூட்டணி, கட்சியின் பழைய பெயர், பாட்டாளிகள் நிறைந்த ஊர் என எல்லாம் இருந்தும் முடியவில்லை.

ஆனால், அதே தேர்தலில் அதே கட்சி, இன்னொரு வறண்ட பகுதியான புதுக்கோட்டை மாவட்டத்தின் கந்தர்வக்கோட்டையில் வென்றது. வென்ற மா.சின்னதுரை விவசாயத் தொழிலாளர் இயக்கத்திலிருந்து வந்தவர். இடதுசாரி அடையாளம் மட்டுமே தோல்விக்குக் காரணம் என்றால், இந்த வெற்றி வந்திருக்கவே கூடாது. எதிரே எத்தனை பேர் நிற்கிறார்கள், வேட்பாளருக்கு அந்த ஊரில் எவ்வளவு வேர் இருக்கிறது என்பதும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது.

தனியாகப் போனால்? 2016 அனுபவம்

'இரண்டு திராவிடக் கட்சிகளும் வேண்டாம், மாற்று அரசியல்' என்று 2016-ல் மக்கள் நலக் கூட்டணி உருவானது. இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகள், வி.சி.க., ம.தி.மு.க.; பிறகு தே.மு.தி.க-வும் த.மா.கா-வும் சேர்ந்தன. முதல்வர் வேட்பாளர் விஜயகாந்த். விளைவு: ஓரிடம்கூட இல்லை. காட்டுமன்னார்கோவிலில் திருமாவளவன் வெறும் 87 வாக்கில் தோற்றார். ஒரு கம்யூனிஸ்ட்கூட இல்லாத சட்டமன்றம் அமைந்தது.

கவனியுங்கள், இது 1967-க்கு அப்படியே தலைகீழ். கொள்கை பேசிய கட்சிகள், கொள்கைக்காக அறியப்படாத ஒருவரை முகமாக வைத்தன. தொண்டர்களுக்கும் உற்சாகம் இல்லை, நடுநிலை வாக்காளருக்கும் நம்பிக்கை வரவில்லை.

2019-ல் தி.மு.க. கூட்டணிக்குத் திரும்பியதும் இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளும் போட்டியிட்ட நான்கு மக்களவைத் தொகுதிகளிலும் வென்றன. அதற்கும் ஒரு விலை இருந்தது. அந்தத் தேர்தலுக்காக இந்திய கம்யூனிஸ்ட் கட்சிக்கு 15 கோடி ரூபாயும் மார்க்சிஸ்ட் கட்சிக்கு 10 கோடி ரூபாயும் தந்ததாக, தேர்தல் ஆணையத்திடம் கொடுத்த செலவுக் கணக்கில் தி.மு.க. குறிப்பிட்டிருந்தது. கணக்கில் காட்டியதில் தப்பில்லை. ஆனால், செலவுக்குப் பணம் தருகிற கட்சியை நாளைக்கு எவ்வளவு சத்தமாகக் கேள்வி கேட்க முடியும் என்ற கேள்வி சும்மா இருக்காதே!

உலகம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் வேட்பாளரைக் கட்சித் தலைமை முடிவு செய்வதில்லை. உள்கட்சித் தேர்தல் நடக்கும். ஆண்ட்ரூ ஹால் என்ற அரசியல் அறிஞர், நூலிழையில் முடிந்த உள்கட்சித் தேர்தல்களை எடுத்து 2015-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். மிதவாதிக்குப் பதில் தீவிரமான வேட்பாளர் தேர்வானால், பொதுத்தேர்தலில் கட்சியின் வாக்கு 9 முதல் 13 சதவிகிதப் புள்ளிகள் வரை குறைகிறது என்பது அவரது முடிவு. இது இடது, வலது இரண்டுக்கும் பொருந்தும்.

"பார்த்தீங்களா, மிதவாதிதான் சரி" என்று முடிக்க வேண்டாம். 2025-ல் நியூயார்க் மேயர் தேர்தலில் சோஷலிஸ்ட் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்ட சோரான் மம்தானி, வீட்டு வாடகை, பஸ் கட்டணம் என்று அன்றாடச் செலவைப் பேசியே வென்றார். பிரிட்டனில் 2024-ல் மிதவாதி ஸ்டார்மர் தலைமையில் லேபர் கட்சி 411 இடங்களை அள்ளியது. ஆனால், வாங்கிய வாக்கு சுமார் 34 சதவிகிதம்தான். 2017-ல் இடதுசாரி கார்பின் 40 சதவிகிதம் வாங்கியும் தோற்றிருந்தார். எதிரணி உடைந்தால் குறைந்த வாக்கும் போதும். கோவில்பட்டி நினைவுக்கு வருதா?

நமக்கு நெருக்கமான உதாரணம் இலங்கை. 2019-ல் 3 சதவிகிதம் வாங்கிய அநுர குமார திசாநாயக்க, 2024-ல் 42 சதவிகிதத்துடன் அதிபரானார். தொடர்ந்து அவரது தேசிய மக்கள் சக்தி 225-ல் 159 இடங்களைப் பிடித்தது; யாழ்ப்பாண மாவட்டத்தில்கூட முதலிடம். புதிய முகங்கள், பழைய அரசியல் குடும்பங்களுக்கு எதிரான கோபம் ஒருபக்கம். இன்னொரு பக்கம், ஐ.எம்.எஃப் ஒப்பந்தத்தைக் கிழித்தெறிவோம் என்று சொல்லாமல் கொள்கையில் நிதானம். மறுபடியும் அதே கலவைதான்.

அப்போ மிதவாதி போதுமா?

போதாது. மிதவாதிகள் மட்டுமே நிறைந்த சபையில் சில விஷயங்கள் பேச்சுக்கே வராது.

2004-ல் இடதுசாரிகளுக்கு மக்களவையில் 59 பேர் இருந்தார்கள். அவர்கள் வெளியிலிருந்து ஆதரித்த மன்மோகன் சிங் அரசில்தான் 2005-ல் நூறு நாள் வேலைச் சட்டம் வந்தது. திருச்சுழி பக்கத்து கிராமங்களில் வேலை இல்லாத மாதங்களில் அடுப்பெரிய வைத்தது அந்தச் சம்பளம்தான்.

சாதி ஆணவக் கொலைகளுக்குத் தனிச்சட்டம் வேண்டும் என்று இடதுசாரிகளும் வி.சி.க-வும் பல வருடங்களாகக் கேட்டார்கள். எந்தச் சமூகத்தையும் பகைத்துக்கொள்ளக் கூடாது என்று நினைக்கிற வேட்பாளர், தென் மாவட்டத்து மேடையில் இதைப் பேசவே மாட்டார். கடைசியில் 2025 அக்டோபரில்தான், சட்டத்துக்குப் பரிந்துரை தர ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையத்தைத் தமிழக அரசு அறிவித்தது. கேட்டுக்கொண்டே இருக்க ஆள் இல்லையென்றால், இந்த அளவுக்குக்கூட நகர்ந்திருக்காது.

சரி, முடிவா என்ன?

'தீவிரமா, மிதமா?' என்பதே கொஞ்சம் தப்பான கேள்வி. அதை மூன்றாக உடைக்கணும்.

ஒன்று, ஆள். இங்கே ஜெயித்தவர்கள் எல்லோரும் ஊருக்குத் தெரிந்த முகம், அல்லது போராட்டத்தில் தெரிந்த முகம். தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்னால் வந்து இறங்கும் கொள்கைவாதி தோற்றால், அது கொள்கையின் தோல்வி இல்லை.

இரண்டு, பேச்சு. கண்மாய், கூலி, பஸ், நூல் விலை என்று அன்றாட மொழியில் பேசினால், எவ்வளவு தீவிரமான கொள்கையும் யாரையும் மிரட்டாது.

மூன்று, கூட்டணி. ஒரே ஒரு வாக்கு கூடுதலாக வாங்கினாலும் ஜெயிப்பவர் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிற தேர்தல் முறை நம்முடையது. தைரியமான வேட்பாளருக்கு அகலமான கூட்டணி வேண்டும். அகலமான கூட்டணிக்கு உள்ளே தைரியமான சிலர் வேண்டும்.

ஆக, முற்போக்குக் கட்சி செய்ய வேண்டியது எல்லாத் தொகுதியிலும் ஒரே ஃபார்முலா போடுவதில்லை. வேர் உள்ள கொள்கைவாதி இருக்கிற இடத்தில், 'ஜெயிப்பாரா?' என்ற பயத்தில் அவரை ஓரங்கட்டக் கூடாது. அப்படி ஆள் இல்லாத இடத்தில், அடுத்த ஐந்து வருடத்தில் ஒருவரை வளர்க்கும் வேலையை இன்றைக்கே ஆரம்பிக்கணும். சீனிவாசனை 1967-ல் ஒரே நாளில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அவரைத் தலைவராக்கியது 1965 போராட்டம்.

அடுத்த முறை உங்கள் தொகுதிக்கு வேட்பாளர் பட்டியல் வரும்போது 'ஆளு யாரு?' என்று தாராளமாகக் கேளுங்கள். கூடவே, டீ ஆறுவதற்குள் அந்த மூன்றாவது கேள்வியையும் கேட்டுவிடுங்கள்.