ஸ்க்ரீன்ல வந்தது 'நான்'... யார் அந்த நான்?

சிம்போசியத்துல ஆன்லைன் க்விஸ். பக்கத்தை ஜாவாஸ்கிரிப்ட்ல எழுதினது அடியேன்தான். ஸ்டார்ட் பட்டனைத் தட்டினா 60 நொடி கவுன்ட்-டவுன் ஓடணும். 60 வந்தது. அடுத்த நொடி, 59 வரவேண்டிய இடத்துல மூணு இங்கிலீஷ் எழுத்து: என், ஏ, என். கடைசி பெஞ்ச்ல ஒருத்தன் அதைச் சேர்த்து 'நான்'னு வாசிக்க, ஹாலே சிரிச்சது.

'நாட் எ நம்பர்', எண்ணே இல்லைன்னு அர்த்தம். எண்ணா இல்லாதது பூஜ்யத்தைத் தொடவே தொடாது. அதனால க்விஸும் முடியாது! ஜட்ஜா வந்த மேடம் கைக்கடிகாரத்தைக் கழட்டி மேஜையில வெச்சாங்க. எனக்குத் தலை நிமிரலை.

என்ன நடந்தது? ஹாஸ்டல்ல நீங்க வாட்ச்மேன்கிட்ட ஒரு சீட்டு கொடுக்கறீங்க: 'ஒரு மணி நேரம் கழிச்சு என் ரூம் ஃபேனை நிறுத்து.' கீழே உங்க பேர் இல்லை. அவர் 'என் ரூம்'னு படிச்சு, தன் ரூம் ஃபேனை நிறுத்திட்டு வர்றார். ஜாவாஸ்கிரிப்ட்ல அந்த 'என்'தான் 'திஸ்'. ஃபங்ஷனை எங்கே எழுதினோம்ங்கிறது அதுக்கு முக்கியமில்லை, எப்படிக் கூப்பிடறாங்கங்கிறதுதான் முக்கியம். நான் 'செட்இன்டர்வெல்'கிட்ட 'திஸ் டாட் டிக்'னு ஃபங்ஷனை மட்டும் தூக்கிக் கொடுத்தேன். அது எந்த டைமரோடதுன்னு சொல்லலை. ஒரு நொடி கழிச்சு பிரவுசர் கூப்பிடும்போது 'திஸ்' என் டைமர் இல்லை, 'விண்டோ'. அதுகிட்ட மீதி நொடி ஏது? இல்லாததுல இருந்து ஒண்ணைக் கழிச்சா, 'நான்'தான்!

சீனியர்ஸ் காலத்து வைத்தியம், முன்கூட்டியே 'வார் செல்ஃப் ஈக்வல் டு திஸ்'னு எழுதி, உள்ளே 'செல்ஃப்'ஐப் பயன்படுத்தறது. 2009-ல வந்த ஈஸ்5 'பைண்ட்'டைக் கொடுத்தது. சீட்டுல பேர் எழுதி ஒட்டற வேலை. 2015-ல ஆரோ ஃபங்ஷன் வந்தது. அதுக்குன்னு தனி 'திஸ்' கிடையாது, எழுதின இடத்து 'திஸ்'ஸையே எடுத்துக்கும். டைமர் ஃபங்ஷன்களுக்கு என் ஓட்டு இதுக்குத்தான். ஆனா ஒண்ணு பாஸ், ஆப்ஜெக்டோட மெத்தடையே ஆரோவா எழுதிடாதீங்க. அங்கே அது வெளியில இருக்கற 'திஸ்'ஸைப் பிடிச்சுக்கும், மறுபடியும் வாட்ச்மேன் ரூம் ஃபேன்தான்.

அன்னிக்கு ராத்திரி நான் சேர்த்தது ஒரே ஒரு 'டாட் பைண்ட்'. 59, 58, 57... பார்த்துட்டே உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வருஷமும் டைமர் என் பொறுப்பாம். மேடமும் வர்றாங்க. வாட்சோட!