பாசி மாத்திரை ரத்த மாத்திரை ஆகாது

சென்ற வாரம் செல்லூரிலிருந்து ஓர் அக்காவைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். கண்ணிமையை இழுத்துப் பார்த்தால் சுண்ணாம்பு வெள்ளை. ஹீமோகுளோபின் 5.8.

"ரத்த மாத்திரை சாப்பிடலையாம்மா?"

"அது மலச்சிக்கல் பண்ணுது டாக்டர். நாலு மாசமா பாசி மாத்திரைதான். அதுலயே எல்லாச் சத்தும் இருக்காம்ல?"

பையிலிருந்து பச்சை டப்பாவை எடுத்து வைத்தார். இந்த டப்பாவை மாதம் நாலைந்து முறையாவது என் மேசையில் பார்க்கிறேன்.

பாசி நல்ல உணவுதான்

சுருள்பாசி எனும் ஸ்பைருலினாவின் காய்ந்த தூளில் 60 சதவீதம் அளவுக்குப் புரதம் உண்டு. நம் மதுரைக் கடச்சனேந்தலிலேயே ஆண்டெனா டிரஸ்ட் இதைப் பண்ணை வைத்து வளர்த்தது. 1990களின் தொடக்கத்தில் முருகப்பா செட்டியார் ஆராய்ச்சி மையம் புதுக்கோட்டைப் பக்கத்துச் சிறு குழந்தைகளுக்குத் தினம் 1 கிராம் கொடுத்துப் பார்த்தது. வைட்டமின் ஏ குறைவால் கண்ணில் வரும் வெண்புள்ளிகள் நன்றாகக் குறைந்தன. முருங்கைக்கீரையிலும் அந்தச் சத்து இருக்கிறது.

நம்பிக்கையும் கணக்கும்

"இரும்புச்சத்து நிறைய." 100 கிராம் பாசியில் சுமார் 28 மில்லிகிராம் இரும்பு. நீங்கள் விழுங்குவது தினம் 1 கிராம். அரசு மருத்துவமனையில் இலவசமாகத் தரும் ஒரு ரத்த மாத்திரையில் 60 மில்லிகிராம். அதற்கு ஈடுகட்ட அரை கிராம் பாசி மாத்திரை நானூறுக்கு மேல் வேண்டும்!

"புரதம் முட்டையை விட அதிகம்." எடைக்கு எடை பார்த்தால் சரி. ஆனால் ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், உங்கள் இரண்டு மாத்திரையில் 1 கிராம்கூட இல்லை.

"சைவக்காரர்களுக்கு பி12 கிடைக்கும்." கிடைக்காது. பாசியில் இருப்பது பெரும்பாலும் நம் உடம்புக்கு உதவாத போலி பி12. மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் சாப்பிடும் சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்கெனவே பி12 குறைந்திருக்கலாம். பாசியை நம்பியிருந்து, பாதம் மரத்தபின் வருகிறார்கள்.

"சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடலாம்." இதைச் சொன்னவர் யார் என்று கேட்டால், பக்கத்து வீட்டில் டப்பா விற்பவர். ஐயா, சர்க்கரை ஏறிக் காலில் புண் வந்தால் அவரா மருந்து போடுவார்?

கண்மாய்ப் பாசியை அள்ளாதீர்கள்

என்னிடம் வந்தவர்களில் இரண்டு பேர் கண்மாயில் மிதந்த பச்சைப் படலத்தை வடிகட்டிக் காயவைத்திருக்கிறார்கள். அது சுருள்பாசி என்று கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது. தேங்கிய நீரில் படரும் சில நீலப்பச்சைப் பாசிகள் ஈரலைக் கெடுக்கும் நஞ்சைச் சுரக்கும். கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

யூரிக் அமிலம் கூடியவர்கள், சிறுநீரகக் கோளாறு, லூபஸ் எனும் தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்கள் கேட்காமல் பாசியைத் தொட வேண்டாம்.

தயவுசெய்து

ஹீமோகுளோபின், தேவைப்பட்டால் பி12 பார்த்துக்கொள்ளுங்கள்.

ரத்த மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் வந்து சொல்லுங்கள், மாற்றித் தருகிறோம். டீ, காபியோடு மட்டும் விழுங்காதீர்கள். உங்கள் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன், நீங்களாக நிறுத்தாதீர்கள். அந்தச் செல்லூர் அக்காவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. மாதாமாதம் ரத்தம் கொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. நாலு மாதம் முன்னால் வந்திருந்தால் ரத்தம் ஏற்றாமலே சமாளித்திருப்போம்.