துத்தநாகம் சேர்ந்தால் காந்தம் கூடுமா?

தொலைக்காட்சி அரங்கில் இம்முறை நாம் எடுத்துக்கொண்ட பொருள் ஃபெரைட். பத்தாங் காலி வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதன்று. லயத்து வீட்டிற்குத் தமிழ் ஒலிபரப்பைக் கொண்டுவந்த பழைய டிரான்சிஸ்டர் வானொலியைத் திறந்தால், செப்புக் கம்பி சுற்றிய கறுப்புக் குச்சி ஒன்று இருக்கும். மத்திய அலையைப் பிடித்துத் தந்தது அந்த ஃபெரைட் குச்சிதான்.

படிவம் ஐந்து மாணவர் ஒருவர் அரங்கில் கேட்டார்: "துத்தநாகத்தைக் காந்தம் இழுக்காது. பிறகு ஏன் அதை ஃபெரைட்டில் கலக்கிறார்கள்?"

நல்ல கேள்வி. பதில், அயனிகள் அமரும் இடத்தில் இருக்கிறது.

இரும்பு ஆக்சைடோடு நிக்கல், மங்கனீசு போன்ற உலோகத்தின் ஆக்சைடைக் கலந்து, மண்பாண்டம்போல் சூளையில் சுட்டெடுப்பதே ஃபெரைட். அதனுள் ஆக்சிஜன் அயனிகள், கடையில் அடுக்கிய ஆரஞ்சுப் பழங்களைப்போல் நெருங்கி நிற்கும். இடைச் சந்துகளில் உலோக அயனிகள் அமரும். நான்கு ஆக்சிஜன் சூழ்ந்தது சிறிய சந்து. ஆறு சூழ்ந்தது பெரிய சந்து. 32 ஆக்சிஜனுக்கு 8 சிறிய சந்துகளும் 16 பெரிய சந்துகளும் நிரம்பும். இந்த அமைப்பின் பெயர் ஸ்பினல். சேலம் கஞ்சமலையில் கிடைக்கும் காந்த இரும்புத் தாதுவும் இதே குடும்பம்தான்.

இனி கயிறு இழுக்கும் போட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். சிறிய சந்து ஓர் அணி, பெரிய சந்து எதிரணி. இரண்டின் காந்தமும் எதிரெதிர்த் திசையில் இழுக்க, மிச்சம்தான் வெளியே தெரிகிறது. இதை 1948-இல் விளக்கிய பிரெஞ்சு அறிஞர் லூயி நேல், 1970-இல் நோபல் பரிசு பெற்றார்.

கணக்கைப் பாருங்கள். இரும்பு அயனியின் பலம் 5, நிக்கலுக்கு 2, துத்தநாகத்திற்குச் சுழியம். நிக்கல் ஃபெரைட்டின் இரண்டு பங்கில், சிறிய சந்தில் 2 இரும்பு: பலம் 10. பெரிய சந்தில் 2 இரும்பும் 2 நிக்கலும்: பலம் 14. மிச்சம் 4.

ஒரு நிக்கலுக்குப் பதில் ஒரு துத்தநாகம் சேர்ப்போம். அது நான்கு ஆக்சிஜன் சூழ்ந்த சிறிய சந்தையே நாடும். அங்கிருந்த ஓர் இரும்பு எதிரணிக்குப் போய்விடும். இப்போது சிறிய அணி 5, பெரிய அணி 17. மிச்சம் 12! நடைமுறையில் சற்றுக் குறைந்தாலும், ஏற்றம் உண்மை. அதற்காக அளவின்றித் துத்தநாகம் சேர்க்கக்கூடாது. ஏறக்குறைய பாதியைத் தாண்டினால் எதிரணி மிகவும் மெலிந்து, பெரிய அணியின் ஒழுங்கும் குலைந்து, காந்தம் இறங்கிவிடும்.

சூட்டுக்கும் இதில் பங்குண்டு. மக்னீசியம் ஃபெரைட்டைச் சூளையிலிருந்து எடுத்துச் சட்டென்று குளிரவைத்தால் காந்தம் அதிகம். மெல்ல ஆறவிட்டால் குறைவு. கலவை ஒன்றுதான். மெல்ல ஆறும்போது அயனிகள் இடம் மாறிக்கொள்கின்றன.

1930-இல் தோக்கியோவில் காத்தோ, தாக்கெய் என்ற இருவர் கண்டறிந்த ஃபெரைட், இன்று கணினிக் கம்பியின் முனையில் புடைத்திருக்கும் உருளை வரை வந்துவிட்டது. நம் சிலாங்கூரிலேயே, செர்டாங்கில் உள்ள புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தில் இதில் ஆய்வு நடந்திருக்கிறது. கேள்வி கேட்ட அந்த மாணவருக்கு அதுவும் எட்டாத தூரமில்லை.