பேரப்பிள்ளைகளின் விளையாட்டு: வீட்டுப் பொருள்களே போதும்

மகனும் மருமகளும் வேலைக்குச் சென்றபின் பேரப்பிள்ளைகளை நீங்கள்தான் பார்த்துக்கொள்கிறீர்களா? அவர்கள் விளையாட விலையுயர்ந்த சாமான்கள் தேவையில்லை. பேராக் ரப்பர் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. தாய் பால்மரம் வெட்டப் போனபின், லயத்து வாசலில் சிரட்டையும் ரப்பர் கொட்டையும் பாக்கு மட்டையும்தான் விளையாட்டுச் சாமான்கள். ஈப்போ அடுக்குமாடியில் வளரும் பிள்ளைக்கும் இத்தகைய எளிய பொருள்கள் ஏற்றவை. ஆனால், வயதையும் பாதுகாப்பையும் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

ஏன் நல்லது?

பொத்தானை அழுத்தினால் பாடும் பொம்மை அந்த ஒரு வேலையைத்தான் செய்யும். ஓர் அட்டைப்பெட்டியோ காலையில் பேருந்து, மாலையில் மளிகைக்கடை. அதை என்னவாக்குவது என்று பிள்ளையே முடிவு செய்வதால் யோசிக்கிறது, பேசுகிறது. சிரட்டையில் மணலை அள்ளிக் கொட்டும்போது விரல்களுக்குப் பயிற்சி கிடைக்கிறது. எது கனம், எது நிறைய என்பதும் புரிகிறது.

கைப்பேசியிலிருந்து பிள்ளையை விலக்கவும் இது உதவும். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டியின்படி, 2 வயது நிறையாத பிள்ளைகளுக்குத் திரை வேண்டாம். 2 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

எந்த வயதில் எது?

• 1 வயது வரை: மரக்கரண்டி, பிளாஸ்டிக் கிண்ணம்.
• 1 முதல் 3 வயது: அட்டைப்பெட்டி, காலி டப்பா, நார் நீக்கி வழவழப்பாகத் தேய்த்த சிரட்டை.
• 3 வயதுக்கு மேல்: பாக்கு மட்டை, பழைய சேலை, மணல், பெரிய கூழாங்கற்கள்.

கழிப்பறைக் காகிதச் சுருளின் அட்டைக் குழாய்க்குள் நுழையும் எந்தப் பொருளையும் 3 வயதுக்கு உட்பட்டவர்களிடம் கொடுக்காதீர்கள். அது தொண்டையை அடைக்கலாம்.

கொடுக்கக் கூடாதவை

• சிவப்பில் கருப்புப் புள்ளியுள்ள குன்றிமணி. மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.
• ரப்பர் கொட்டை. நாம் விளையாடியதுதான், ஆனால் பச்சைப் பருப்பில் சயனைடு நஞ்சு உண்டு. எதையும் வாயில் வைக்கும் வயதில் வேண்டாம்.
• களைக்கொல்லி, பூச்சிமருந்து இருந்த டின், போத்தல். கழுவினாலும் கூடாது.
• கூரான விளிம்புள்ள டின், உடைந்த பிளாஸ்டிக், பொத்தான் வடிவ பேட்டரி.

விளையாடி முடித்ததும்

சிரட்டை, டின், டப்பா ஆகியவற்றில் தேங்கிய நீரைக் கொட்டிக் கவிழ்த்து வையுங்கள். சிறிதளவு நீரிலும் ஏடிஸ் கொசு முட்டையிடும். அதுவே டிங்கிக் காய்ச்சலைப் பரப்புகிறது. எலி நடமாடும் இடத்தில் கிடந்த பொருள்களை எடுக்க வேண்டாம். பிள்ளையின் கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிடுங்கள்.

தொண்டையில் அடைத்தால்

பிள்ளை பலமாக இருமினால் இருமவிடுங்கள். மூச்சோ குரலோ வராவிட்டால் முன்பக்கம் சாய்த்து, முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை தட்டுங்கள். கைக்குழந்தையானால் உங்கள் முன்கையில் தலை தாழ்வாக இருக்கும்படி குப்புறக் கிடத்தித் தட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலால் தோண்டாதீர்கள். உடனே 999-ஐ அழையுங்கள். நச்சு விதையையோ பேட்டரியையோ விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

உங்கள் பங்கு

அருகில் அமர்ந்து பாருங்கள். "இப்படிச் செய்" என்று திருத்த வேண்டாம், "இது என்ன?" என்று கேளுங்கள். பொருள்களின் தமிழ்ப் பெயர்களைச் சொல்லிக் கொடுங்கள். நீங்கள் தோட்டத்தில் விளையாடிய கதையையும் சொல்லுங்கள்.